லாரிக்கு மட்டும் ஏன் ஞாயிறு தடை?

ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ ஞாயிற்றுக்கிழமை பகலில் நெடுஞ்சாலையில் காரில் போனால் ஒன்று உடனே கண்ணில் படும்: பெரிய லாரிகளைக் காணோம். அவை எங்கே என்று தேட வேண்டியதில்லை. அடுத்த ஓய்விடத்தில் திரும்பினால் போதும். பெட்ரோல் பங்க் ஓரம், கழிப்பறைக்குப் போகும் வழி, இடம் போதாமல் போனால் வெளியேறும் பாதையின் ஓரம் வரைக்கும் நெருக்கியடித்து நிற்கும். கேபின் கண்ணாடிகளில் திரை இழுத்து விட்டிருக்கும், உள்ளே டிரைவர்கள். விடுமுறை நாட்களில் கனரக லாரி ஓடக் கூடாது என்பது அங்கே சட்டம்.

இந்தத் தடை நியாயமா என்பது ஐரோப்பாவில் ஓயாமல் நடக்கும் வாக்குவாதம். லாரி முதலாளிகள் ஒன்று சொல்வார்கள், சாலையோரம் குடியிருப்பவர்கள் வேறொன்று சொல்வார்கள், காரில் விடுமுறைக்குப் போகிறவர்கள் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தடை போடுவதே அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதனால் கிடைக்கும் அமைதியை ஒரு சாரார் அனுபவிக்கிறார்கள், அதற்கான விலையை இன்னொரு சாரார் கொடுக்கிறார்கள். விலை கொடுப்பவர் பெரும்பாலும் அந்த நாட்டில் ஓட்டுரிமைகூட இல்லாத ஒரு டிரைவர். நியாயம் அநியாயம் என்ற பேச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

ஜெர்மனியில் இந்தத் தடை 1956 முதல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாட்களிலும், நள்ளிரவு 12 மணி முதல் இரவு 10 மணி வரை, 7.5 டன்னுக்கு மேல் அனுமதி எடை கொண்ட லாரிகள் ஓடக் கூடாது. பின்னால் டிரெய்லர் கட்டியிருந்தால் எடை அதைவிடக் குறைவாக இருந்தாலும் தடை உண்டு. அனுமதி எடை என்பது வண்டியின் பதிவுச் சான்றில் இருக்கும் உச்சபட்ச எடை. அன்றைக்கு உள்ளே எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்பது கணக்கில்லை. சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டிக்கும் இதே சட்டம்தான்.

பக்கத்து நாடுகள் ஒவ்வொன்றும் தன் விருப்பத்துக்கு வேறு நேரம் வைத்திருக்கின்றன. ஆஸ்திரியாவில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கே தொடங்கி ஞாயிறு இரவு 10 வரை. பிரான்சில் சனி இரவு 10 முதல் ஞாயிறு இரவு 10 வரை. இத்தாலியில் ஞாயிறு காலையில்தான் தொடங்கும். கோடையில் 7 மணிக்கு, மற்ற மாதங்களில் 9 மணிக்கு. சுவிட்சர்லாந்தில் எடை வரம்பே 3.5 டன்தான். அங்கே ஞாயிறு முழுவதும் தடை. அது போக, தினமும் இரவு 10 முதல் காலை 5 வரை இரவுத் தடையும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் சனி இரவு 10 மணிக்கு நிறுத்திய லாரி திங்கள் காலை 5 மணிக்குத்தான் கிளம்ப முடியும். நெதர்லாந்து, பெல்ஜியம், சுவீடன் போன்ற நாடுகளில் இப்படிப் பொதுவான ஞாயிறு தடை கிடையாது. பிரிட்டனிலும் நாடு முழுவதற்குமான தடை இல்லை. லண்டன் மட்டும் 1985 முதல் இரவிலும் வார இறுதியிலும் 18 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளை உள்தெருக்களில் கட்டுப்படுத்தி வருகிறது.

இரண்டு தடைகள், இரண்டு காரணங்கள்

இந்த விவாதத்தில் பெரும்பாலான குழப்பம் வருவது ஒரே இடத்தில்தான். 'விடுமுறைத் தடை' என்று நாம் ஒன்றாகச் சொன்னாலும் அதற்குள் இருப்பது இரண்டு வேறு தடைகள்.

முதலாவது ஓய்வு நாள் தடை. ஞாயிறு எல்லோருக்கும் அமைதியான நாளாக இருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. ஜெர்மனியில் இது வெறும் போக்குவரத்துத் துறை முடிவு அல்ல. ஞாயிறும் விடுமுறை நாட்களும் வேலையிலிருந்து ஓயும் நாட்களாகப் பாதுகாக்கப்படும் என்று 1919இன் வைமர் அரசியல் சாசனம் சொன்னது. 1949இல் எழுதிய இன்றைய அரசியல் சாசனம் அந்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. கடைகளும் பெரும்பாலும் அன்று மூடித்தான் இருக்கும். கடையே மூடியிருக்கும்போது லாரி வந்து யாரிடம் சரக்கை இறக்கப் போகிறது?

இரண்டாவது பயணக் காலத் தடை. ஜெர்மனியில் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, சனிக்கிழமைகளில் காலை 7 முதல் இரவு 8 வரை, பட்டியலிட்ட சில நெடுஞ்சாலைப் பகுதிகளில் மட்டும் லாரி ஓடக் கூடாது. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கடற்கரைக்கும் மலைக்கும் கிளம்பும் கார்களுக்கு வழி விடுவதுதான் நோக்கம். பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியாவிலும் இதே மாதிரி கோடைச் சனிக்கிழமைத் தடைகள் உண்டு.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நியாயத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல. ஞாயிறு தடையில், சாலையோரம் குடியிருப்பவருக்கு ஒரு நாள் இரைச்சல் குறைகிறது. ஓட்டுகிற தொழிலாளிக்கும் ஓய்வு கிடைக்க வாய்ப்பு உண்டு. அதோடு எல்லாத் தொழிலுக்கும் பொதுவான ஒரு விதியின் பகுதியாக அது வருகிறது. சனிக்கிழமைத் தடையில் அப்படி எதுவும் இல்லை. உல்லாசப் பயணத்துக்காகச் சாலைக்கு வரும் ஒருவரின் வசதிக்காக, பிழைப்புக்காகச் சாலைக்கு வரும் இன்னொருவரை நிறுத்தி வைக்கிறார்கள். சனிக்கிழமை நெரிசலை உண்டாக்குவதும் லாரி அல்ல. அன்று பல மடங்கு கூடிவிடுகிற கார்கள்தான். அந்தக் கார்களில் ஒரு பகுதி வெள்ளிக்கிழமை கிளம்பியிருந்தால் நெரிசல் குறைந்திருக்கும். ஆனால் காருக்கு யாரும் நேரம் குறிப்பதில்லை.

ஓர் அலுவலகக் கட்டடத்தில் மதிய உணவு நேரத்தில் தள்ளுவண்டியை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று விதி போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் அதிகம், வண்டி இடத்தை அடைக்கும், ஆகவே விதி புரிகிறது. ஆனால் மேல் மாடி கேன்டீனுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்தது அந்தத் தள்ளுவண்டியில்தான். வண்டி தள்ளுபவர் ஒரு மணி நேரம் கீழே நிற்கிறார். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவருக்குச் சம்பளம் உண்டா என்பதை விதி போட்டவர் யோசித்தாரா என்பதுதான் கேள்வி.

லாரி உண்மையிலேயே அவ்வளவு இடைஞ்சலா?

ஓரளவுக்கு ஆம். ஐரோப்பாவில் கனரக லாரிகளில் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். ஜெர்மன் நெடுஞ்சாலையில் அவற்றுக்குச் சட்டப்படியான வேகம் 80தான். பக்கத்து வரிசையில் கார் 130இல் வரும். இந்த வித்தியாசம் ஒரு லாரி இன்னொன்றை முந்தும்போதுதான் பிரச்சினையாகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டிரெய்லர் லாரியின் நீளம் 16.5 மீட்டர். இரண்டு லாரிக்கு 33 மீட்டர். முன்னும் பின்னும் தலா 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஆக முந்துகிற லாரி மற்றதைவிடக் கிட்டத்தட்ட 133 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். இரண்டுக்கும் வேக வித்தியாசம் மணிக்கு 2 கிலோமீட்டர் என்றால், நொடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல். முந்தி முடிக்க நான்கு நிமிடம் ஆகும்; அதற்குள் இரண்டும் ஐந்தாறு கிலோமீட்டர் போயிருக்கும். ஒரு திசைக்கு இரண்டே தடம் உள்ள சாலையில் அத்தனை நேரமும் பின்னால் வரும் கார்கள் எல்லாம் பிரேக்கில் கால் வைத்தபடி வர வேண்டும். ஜெர்மானியர்கள் இதை யானைப் பந்தயம் என்று கிண்டல் செய்வார்கள். விடுமுறைச் சனிக்கிழமையில் சாலை ஏற்கெனவே நிரம்பியிருக்கும்போது இப்படி ஓரிரண்டு முந்தல் போதும், பின்னால் நெரிசல் கட்டிவிடும். தடைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில் எனக்கு மிகவும் பலமாகப் படுவது இதுதான்.

பலவீனமாகப் படுவது சாலை சேதம் பற்றிய வாதம். கனரக வண்டியின் அச்சு எடை கூடக் கூடச் சாலைக்கு ஏற்படும் தேய்மானம் எக்கச்சக்கமாகக் கூடுகிறது என்பது 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் நடந்த பெரிய சோதனையிலிருந்தே தெரிந்த விஷயம். ஏறக்குறைய எடையின் நான்காம் அடுக்கு அளவில் கூடும் என்று கணக்கிட்டார்கள். சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓடாத லாரி திங்கட்கிழமை அதே சாலையில் அதே எடையோடு ஓடத்தான் போகிறது. தேய்மானம் ஒரு துளியும் குறையாது. அதற்கு மருந்து சுங்கக் கட்டணம்; தடை அல்ல. புகைக்கும் இதே கதைதான்: தடை புகையை நேரம் மாற்றி வைக்கிறது, குறைப்பதில்லை. சொல்லப்போனால் ஞாயிறு இரவு 10 மணிக்குத் தடை நீங்கியதும் ஓய்விடங்களிலிருந்து லாரிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்புகின்றன. பகலில் பரவி வந்திருக்க வேண்டிய இரைச்சல் ஜனங்கள் தூங்கப்போகிற நேரத்தில் மொத்தமாக வந்து சேர்கிறது.

காலண்டர் செய்கிற கோளாறு

நியாயமான விதிக்கு ஓர் அடையாளம், அது யாருக்கு எப்போது பொருந்தும் என்று முன்கூட்டியே தெரிவது. ஞாயிறு எல்லோருக்கும் ஞாயிறு. பண்டிகை நாட்கள் அப்படியல்ல.

ஜெர்மனியில் பல விடுமுறைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அக்டோபர் 31 சீர்திருத்த நாள். சாக்சனி, துரிங்கியா போன்ற மாநிலங்களில் விடுமுறை, பவேரியாவில் இல்லை. நவம்பர் 1 எல்லாப் புனிதர் நாள். பவேரியாவில் விடுமுறை, சாக்சனியில் இல்லை. இப்போது லைப்சிக்கில் அக்டோபர் 31 காலையில் லோடு ஏற்றிய ஒரு லாரி பவேரியாவில் இருக்கும் நியூரம்பெர்க் போக வேண்டும். தூரம் 280 கிலோமீட்டர் இருக்கும். சாதாரண நாளில் நான்கு மணி நேர வேலை. லாரி இருப்பது சாக்சனியில், ஆகவே இரவு 10 வரை நகரக் கூடாது. 10 மணிக்குக் கிளம்பி ஏ9 நெடுஞ்சாலையில் துரிங்கியாவைக் கடந்து பவேரிய எல்லையை நெருங்கும்போது நள்ளிரவு ஆகிவிடும். 12 மணி அடித்தால் பவேரியாவில் தடை ஆரம்பம். அடுத்த நாள் இரவு 10 வரை எல்லைக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். நான்கு மணி நேரப் பயணம் ஒன்றரை நாளாகிறது. இதில் எந்த மாநிலத்தையும் குறை சொல்ல முடியாது; ஒவ்வொன்றும் தன் பண்டிகையைத்தான் கொண்டாடியது.

நாடுகளுக்கு இடையில் இது இன்னும் மோசம். இத்தாலியின் வெரோனாவிலிருந்து, ஆஸ்திரிய எல்லையில் இருக்கும் பிரென்னர் கணவாய் வழியாக, ஜெர்மனியின் மியூனிக் போகும் லாரி ஒரு கோடை வெள்ளி இரவுக்குள் ஆஸ்திரியாவைத் தாண்டவில்லை என்றால், சனி பகலில் ஒரு நாட்டின் பயணக் காலத் தடை, அடுத்து இன்னொரு நாட்டின் வார இறுதித் தடை, அப்புறம் மூன்றாவது நாட்டின் ஞாயிறு தடை என்று ஞாயிறு இரவு 10 வரை மாட்டிக்கொள்ளலாம். தடைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அளவாகத்தான் இருக்கும். கோத்துப் பார்த்தால்தான் நீளம் தெரியும்.

1998 ஜூன் மாதம் பிரென்னரில் இது நீதிமன்றம் வரை போனது. அந்த வாரம் 11ஆம் தேதி வியாழன் ஆஸ்திரியாவில் பொது விடுமுறை, லாரித் தடை. 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை முற்பகலிலிருந்து சனி பிற்பகல் வரை, லாரிப் போக்குவரத்தின் மாசை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைப்பினர் அனுமதியோடு நெடுஞ்சாலையை மறித்துப் போராடினார்கள். கிட்டத்தட்ட 30 மணி நேரம். அது முடியும்போது வழக்கமான வார இறுதித் தடை தயாராகக் காத்திருந்தது. ஒரு ஜெர்மன் லாரி நிறுவனம், தன் ஐந்து லாரிகள் நான்கு நாட்களாக அந்த வழியைப் பயன்படுத்த முடியவில்லை என்று 1,40,000 ஷில்லிங் (அப்போதைய ஆஸ்திரிய நாணயம்) நஷ்டஈடு கேட்டு ஆஸ்திரிய அரசு மேல் வழக்குப் போட்டது. 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம், சரக்குகள் தடையின்றிப் போகும் உரிமை இருப்பதுபோல மக்கள் கூடிப் போராடும் உரிமையும் அடிப்படை உரிமையே, போராட்டத்தை அனுமதித்தது தவறில்லை என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரிதான். ஆனால் அந்த நான்கு நாட்களில் பாதிக்கு மேல் தின்றது காலண்டரும் வழக்கமான தடையும் என்பது அந்த வழக்கில் ஓரமாக நிற்கும் தகவல்.

விலக்கு யாருக்கு?

எந்தத் தடையிலும் விலக்குப் பட்டியலைப் படித்தால்தான் அதன் மனம் தெரியும். ஜெர்மனியின் ஞாயிறு தடையில் புதிய பால், பால் பொருட்கள், புதிய இறைச்சி, புதிய மீன், சீக்கிரம் கெட்டுப்போகும் காய்கறி பழம் ஆகியவற்றுக்கு விலக்கு. உயிருள்ள தேனீக்களுக்கும் உண்டு. வெயிலில் ஒரு நாள் நிறுத்தி வைத்தால் கூட்டோடு செத்துப்போகும். ரயிலில் ஏற்றப் போகும் கன்டெய்னரை, 200 கிலோமீட்டருக்குள் இருக்கும் பொருத்தமான ரயில் முனையத்துக்குக் கொண்டுபோகலாம். இதெல்லாம் புத்திசாலித்தனமான விலக்குகள்.

பட்டியல் இருந்தால் அதன் ஓரங்களில் உரசலும் இருக்கும். புதிய தக்காளி போகலாம். அதே தக்காளி சாஸாகிப் பாட்டிலில் அடைத்தால் போகக் கூடாது. புதிய மீனுக்கு வழி உண்டு, உறைய வைத்ததற்கு இல்லை. காரணம் புரிகிறது, பாட்டில் ஒரு நாள் காத்திருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் விலக்குப் பட்டியல் முழுவதும் சரக்கின் பக்கம் நின்றே பேசுகிறது என்பதைக் கவனியுங்கள். மீனுக்குக் காத்திருக்க முடியாது என்று சட்டம் யோசித்திருக்கிறது. டிரைவருக்குக் காத்திருக்க எங்கே இடம் என்று அந்தப் பட்டியல் கேட்கவில்லை.

எடை வரம்பும் இப்படித்தான். 7.5 டன்னுக்கு மேல் தடை என்றால் 7.5 டன் வண்டியில் ஏற்றி அனுப்பு என்பது வியாபார புத்தி. ஒரு பெரிய லாரியில் போக வேண்டிய சரக்கு பல சின்ன வண்டிகளில் போனால் சாலையில் வண்டிகளின் எண்ணிக்கை கூடும், டீசல் கூடும். பெரிய நிறுவனத்தால் இரண்டு வகை வண்டியும் வைத்துக்கொள்ள முடியும். ஒற்றை லாரி வைத்திருப்பவர் ஞாயிறு முழுக்க அதை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். தவணையோ ஞாயிற்றுக்கும் சேர்த்தே ஓடும்.

தண்டனையில் மட்டும் ஜெர்மனி ஓரளவு சரியாக யோசித்திருக்கிறது. தடையை மீறி ஓட்டினால் டிரைவருக்கு 120 யூரோ அபராதம். ஓட்ட அனுமதித்த வண்டி உரிமையாளருக்கு 570 யூரோ. முடிவெடுப்பவர் யார், கட்டுப்படுபவர் யார் என்ற வித்தியாசம் இங்கே மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

காத்திருக்கும் நேரம் யாருடைய கணக்கு?

இப்போது டிரைவரிடம் வருவோம். தடையே அவருடைய ஓய்வுக்காகத்தானே என்று சிலர் சொல்வதுண்டு. அது முழுக்கச் சரியல்ல. டிரைவரின் ஓய்வுக்கென்று ஐரோப்பிய ஒன்றியத்தில் தனிச் சட்டமே இருக்கிறது: நாளுக்குச் சாதாரணமாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை, வாரத்துக்கு ஒருமுறை 45 மணி நேரத் தொடர் ஓய்வு, சில வாரங்களில் அதை 24 மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம். எந்த நாளில் எடுத்தாலும் சரி, ஞாயிறாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டு சட்டமும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். ஜெர்மனியின் ஞாயிறு தடை 22 மணி நேரம். குறைந்தபட்ச வார ஓய்வு 24 மணி நேரம். அதாவது தடைக்காக மட்டும் நின்ற டிரைவருக்கு, ஒரு நாள் முழுக்க நகராமல் கிடந்தும், அது வார ஓய்வாகக் கணக்கில் வராது. இரண்டு மணி நேரம் குறைகிறது. சனி இரவு 10 மணிக்கு முன்பே நிறுத்தியிருந்தால்தான் வரும். அதற்கு அந்நேரத்தில் நிறுத்த இடம் கிடைக்க வேண்டும்.

45 மணி நேர முழு ஓய்வை லாரி கேபினுக்குள் கழிக்கக் கூடாது என்று 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020இல் சட்டத்திலும் தெளிவாக எழுதிவிட்டார்கள். தங்குமிடச் செலவு முதலாளியுடையது. நல்ல விதி. ஆனால் 22 அல்லது 31 மணி நேரத் தடைக்கு அது உதவாது. அந்த நேரத்தைக் கேபினிலேயே கழிக்கலாம், கழிக்கிறார்கள். போலந்திலிருந்தோ ருமேனியாவிலிருந்தோ வந்த டிரைவருக்கு ஜெர்மன் ஞாயிற்றின் அமைதி வீட்டில் கிடைக்கும் அமைதியல்ல. நெடுஞ்சாலை ஓரத்தில், பக்கத்து லாரியின் குளிரூட்டும் இயந்திரம் இரைந்துகொண்டிருக்க, காசு கொடுத்துக் குளித்து, சின்ன அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் நாள் அது. வீட்டுக்கு ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேருகிற நாளும் அதுதான்.

இந்த நேரத்துக்கு என்ன பெயர்? 2002ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய வேலை நேர விதியில் அதற்குப் பதில் இருக்கிறது. எல்லையில் காத்திருக்கும் நேரம், போக்குவரத்துத் தடையால் காத்திருக்கும் நேரம் ஆகியவை 'தயார் நிலை' நேரம் என்று அந்த விதி வெளிப்படையாகவே சொல்கிறது. தயார் நிலை என்றால் வேலையும் இல்லை, ஓய்வும் இல்லை. வேலை நேரக் கணக்கில் சேராது. அதற்கு எவ்வளவு சம்பளம், சம்பளம் உண்டா என்பதை அந்தந்த நாட்டின் சட்டமும் ஒப்பந்தமும் பார்த்துக்கொள்ளும். ஒப்பந்தத்தில் பேரம் பேசும் பலம் யாரிடம் இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்த விவகாரம் முழுவதிலும் எனக்கு மிகவும் உறுத்துவது இந்த ஒரு வரிதான். ஞாயிறு அமைதி ஒரு சமூகம் சேர்ந்து எடுத்த முடிவு என்றால், அதன் செலவும் சமூகத்தின் தலையில்தான் விழ வேண்டும். சரக்குக் கட்டணத்தில் ஏறி, பொருளின் விலையில் ஏறி, கடைசியில் அமைதியை அனுபவிக்கிறவரிடம் போய்ச் சேர வேண்டும். வேலையும் அல்லாத ஓய்வும் அல்லாத ஒரு கணக்கில் அதை எழுதி வைத்தால், கேபினில் உட்கார்ந்திருப்பவரோடு அது நின்றுவிடுகிறது.

நம் ஊர் லாரி, அந்நிய லாரி

எதிர்ப்பக்கத்தின் மிக வலுவான குரல் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்திலிருந்து வருகிறது. அதைக் கேட்காமல் விடக் கூடாது. பிரென்னர் வழியாக ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகள் போகின்றன. இரண்டு பக்கமும் மலை. நடுவில் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. புகையும் இரைச்சலும் வெளியேற வழியில்லாமல் ஊர்களின் மேலேயே தங்கும். லாரியில் இருப்பது இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போகிற சரக்கு. அவர்களுக்கு வந்து சேர்வது புகை. வார இறுதியிலாவது ஜன்னலைத் திறந்து வைக்க விடுங்கள் என்று அவர்கள் கேட்பது எந்த வகையிலும் அநியாயம் இல்லை.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், இப்படிப்பட்ட மாநிலத் தடைகள் பலவற்றில் அதே வட்டாரத்தில் ஏற்றி இறக்கும் லாரிகளுக்கு விலக்கு இருக்கும். புகை ஒன்றுதான், கடந்து போகிற லாரி மட்டும் நிற்கும். குறிப்பிட்ட சரக்குகளை ஏற்றிய லாரிகளுக்கு 46 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் டிரோல் போட்ட தடை ஐரோப்பிய ஒன்றிய விதிகளுக்கு எதிரானது என்று 2005இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுற்றுச்சூழலைக் காப்பது சரியான நோக்கம்தான், ஆனால் இவ்வளவு கடுமையான வழியை எடுக்கும் முன் வேறு வழிகளைப் போதுமான அளவு பார்த்தீர்களா என்று கேட்டது. 2011இல் இன்னொரு வடிவத்துக்கும் அதே கதி. 2017 முதல் டிரோல், நெரிசல் நாட்களில் ஜெர்மன் எல்லையோர ஊரான குஃப்ஸ்டைன் அருகே மணிக்குச் சுமார் 300 லாரி என்று எண்ணி விடுகிறது. பவேரியப் பக்கம் லாரிகள் பல கிலோமீட்டருக்கு நிற்கும். 2024 ஜூலையில் இத்தாலி, டிரோலின் கட்டுப்பாடுகளை எதிர்த்து ஆஸ்திரியாவை ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஒரு உறுப்பு நாடு இன்னொன்றின் மேல் நேரடியாக வழக்குப் போடுவது அபூர்வம்.

சுவிட்சர்லாந்து இதே மலைப் பிரச்சினையை வேறு மாதிரி கையாண்டது. 1994இல் ஆல்ப்ஸ் பகுதியைக் கடக்கும் சரக்கு ரயிலுக்கு மாற வேண்டும் என்று பொது வாக்கெடுப்பில் முடிவெடுத்தார்கள். 2001இல் எடையையும் தூரத்தையும் வைத்து லாரிக் கட்டணம் கொண்டுவந்தார்கள், உள்ளூர் லாரிக்கும் அதே கட்டணம். 2016இல் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்ட் ரயில் சுரங்கத்தைத் திறந்தார்கள். அவர்களுடைய தடை ஐரோப்பாவிலேயே கடுமையான தடைகளில் ஒன்று. ஆனாலும் அதைப் பற்றிய புலம்பல் குறைவாகவே கேட்கிறது. போகாதே என்று சொன்னவர்கள் போவதற்கு இன்னொரு வழியையும் காட்டினார்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மாற்ற முடியாத விதியா?

இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்து கடைகளின் அலமாரிகள் காலியானபோது, ஜெர்மன் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஞாயிறு தடையைத் தளர்த்தின. தேவை என்று வந்தால் அதற்கு வழி இருக்கிறது. நாடுகளின் நேரங்களை ஒன்றாக்கும் யோசனையும் புதிதல்ல. முக்கிய ஐரோப்பியச் சாலைகளில் சர்வதேச லாரிகளுக்கு ஒரே மாதிரியான வார இறுதி விதி என்று 1998லேயே ஐரோப்பிய ஆணையம் ஒரு வரைவை முன்வைத்தது. தடை இல்லாத நாடுகள் புதிதாகத் தடையா என்று கேட்டன. தடை உள்ளவை தங்கள் மணிகளை விட்டுக்கொடுக்க மறுத்தன. அது சட்டமாகவில்லை.

முழுப் பொருத்தம் வராமல் போனாலும் பரவாயில்லை. ஞாயிறு தடையை 22 மணி நேரத்திலிருந்து 24 ஆக்கினாலே, சனி இரவு 10 முதல் ஞாயிறு இரவு 10 வரை, அது டிரைவரின் குறைந்தபட்ச வார ஓய்வோடு பொருந்திவிடும். பிரான்சின் நேரம் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. லாரி முதலாளிகள் இரண்டு மணி நேரம் போச்சே என்பார்கள். கோடைச் சனிக்கிழமைத் தடையை எடுத்துவிட்டு அந்தப் பதின்மூன்று மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. தடை போடும் நாடு, தன் எல்லைக்குள் நிற்கப்போகும் லாரிகளுக்கு நிறுத்துமிடமும் தண்ணீரும் கழிப்பறையும் கட்டித் தருவதைத் தடையின் நிபந்தனையாகவே எழுதலாம். 2002ஆம் ஆண்டு விதியில் 'போக்குவரத்துத் தடையால்' என்ற சொற்களை மட்டும் தயார் நிலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால், அடுத்த ஞாயிற்றிலிருந்தே அந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை வந்துவிடும்.